ஜாடிக்கு மைதா பூசிய கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் ஒயின் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில்தான். என் டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கும். சில நாள் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக்கொள்வேன். கடித்துக்கொள்ள அச்சு முறுக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் இதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

"அம்மா, ஒயின்ல யாராச்சும் ஐஸ் போடுவாங்களா? கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி, காம்பப் புடிச்சு, லேசா ஆட்டி, ஒரு வாய் எடுத்து நாக்குல வச்சிருந்து..."

"அடி போடி! நான் பெசஞ்ச திராட்சை, நான் போட்ட சர்க்கரை. கடையில வாங்குற ஒயினுக்கு வேணா சட்டதிட்டம் இருக்கும். எனக்கு இனிக்கணும், சில்லுனு இருக்கணும். அவ்வளவுதான்."

நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிறந்தது வரதராஜன்பேட்டைப் பக்கம். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் ஒரு மாதம் முன்னாலேயே பீங்கான் ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்துவிடுவார்கள். பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். எல்லாவற்றையும் போட்டு வாயில் துணி கட்டி, தினமும் மர அகப்பையால் கிளறிவிட வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகும் நான் அதை விடவில்லை. எதிர்வீட்டு அக்கா விபூதி பூசுகிறவர். பண்டிகைத் தட்டோடு ஒயினும் கொடுத்தால் கஷாயம் குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, "சளிக்கு நல்லதாம்ல, இன்னும் ரவயூண்டு இருந்தா குடு" என்று டம்ளரை நீட்டுவார். வருஷம் தவறாமல் அவருக்கு டிசம்பரில் சளி பிடிக்கும்.

இப்படிக் கவலையில்லாமல் குடித்துக்கொண்டிருந்த வீட்டில் ஒரு வருஷம் நானே ஒயினை ஒளித்துவைக்கும்படி ஆயிற்று. காரணம் என் தம்பி.

தம்பிக்கு உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம். கெட்டிக்காரன், வாயாடி, எல்லாருக்கும் செல்லம். ஆனால் குடி அவனைப் பிடித்துக்கொண்டது. இந்த டம்ளர் ஒயின் இல்லை, கடைச் சரக்கு. காலையிலேயே ஆரம்பித்துவிடுவான். வியாபாரம் போயிற்று, உடம்பு போயிற்று, அவன் பெண்டாட்டி கழுத்தில் கிடந்ததும் போயிற்று. அந்தப் பெண் பட்ட பாட்டைச் சொன்னால் கல்லும் கரையும். அப்படிப்பட்டவன் ஒரு தவக்காலத்தில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்கும் போனான். மருந்து சாப்பிட்டான், ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தான். ஆனால் நிறுத்திவிட்டான். நிறுத்தியே விட்டான்!

அதற்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. பகல் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பண்டிகைக்குச் சில நாள் இருக்கும்போது அவன் பெண்டாட்டி போன் செய்தாள். குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருசம் ஒயின் வேணாம் அண்ணி. அவுங்க கண்ணுல படவே வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

"அடக் கழுதை, இதுக்குப் போயி அழுவுறியா? வேணாம்னா வேணாம். வுடு" என்றேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்துப் பாதுகாப்பு விதி படித்துப் படித்து வீட்டிலேயும் அதே புத்தி. "என் வூட்டுல வந்து அவன் மறுபடி ஆரம்பிச்சான்னு ஒரு பேச்சு வரக்கூடாது. ஒரு சொட்டு வெளிய தெரியக் கூடாது. அவன்கிட்ட அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டார்.

பேச்சை எடுக்காமல் இருக்கலாம், ஜாடியை என்ன செய்வது? அந்த வருஷம் மழையால் நல்ல திராட்சை கிடைக்கத் தாமதமாகி, நான் ஒயின் போட்டதே பிந்திப் போயிருந்தது. உள்ளே இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் சர்க்கரை வேறு சேர்த்திருந்தேன். கொட்டிவிட மனசு வரவில்லை. சமையலறைக்கு ஒட்டின சாமான் அறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். ஆனால் வாடையை எந்த மூட்டைக்குப் பின்னால் தள்ளுவது? கதவைத் திறந்தாலே ஊரைக் கூப்பிட்டது. அப்போது ஒரு யோசனை வந்தது. பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி மைதாவைப் பிசைந்து ஜாடி மூடியைச் சுற்றிப் பூசினேன். அது காய்ந்ததும் மூடிமேல் ஒரு செங்கல். வாடை நின்றுவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நுரைக்கிற சரக்குக்கு மூச்சுவிட வழி வேண்டும் என்று வருஷா வருஷம் துணி கட்டுகிறவள் நான்தான். அது அன்றைக்கு நினைவுக்கு வந்தால்தானே!

தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். முகம் தெளிந்திருந்தது. பழைய அழகு திரும்பியிருந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் உள்ளே நுழையும்போதே, "சாப்டுட்டு ஒடனே கெளம்பணும்க்கா" என்றான். "ஏண்டா, வந்ததும் வராததுமா?" என்றேன்.

வீடு வீடாகவே இல்லை. தம்பியைக் கண்டால், "வா மாப்ள" என்று கட்டிப்பிடிக்கிற என் வீட்டுக்காரர், "வாங்க" என்றதோடு பேப்பரை விரித்துக்கொண்டார். மாமாவிடம் ஓயாமல் வம்பு பேசுகிற என் மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றாள். யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. நான் கறியை அள்ளி அள்ளி வைத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டமால்!

சாமான் அறையில் செங்கல் விழுந்து, அதன் பின்னால் மூடியும் உருண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், வெள்ளையடித்த சுவரெல்லாம் கருஞ்சிவப்பு. ஜாடி வாயிலிருந்து நுரை பொங்கி அரிசி மூட்டைமேல் வழிந்துகொண்டிருந்தது. திராட்சைத் தோல் ஒன்று மின்விசிறி சுவிட்சில் ஒட்டியிருந்தது. வாடை வீடு முழுக்கப் பரவிவிட்டது.

எல்லாரும் வந்து நின்றார்கள். ஆனால் ஒருத்தர்கூட ஜாடியைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தம்பிமேல்தான். என் மகள் அவன் கையைப் பிடித்து, "வாங்க மாமா, வெளிய காத்தாட உக்காரலாம்" என்று இழுத்தாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டு குனிந்து மூடியை எடுத்தான். ஓரத்தில் காய்ந்திருந்த மைதாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "என்னக்கா இது, ஒயினுக்குத் தம் போட்ட ஒரே ஆளு நீதான்" என்று வாய்விட்டுச் சிரித்தான். பழைய சிரிப்பு. கூடச் சிரிக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவன் மட்டும் சிரித்துச் சிரித்து, யாரும் சேரவில்லை என்று கண்டு நிறுத்தினான். முகம் சுருங்கிப் போயிற்று.

"நான் குடிச்சிட்டு வந்தப்பல்லாம் கண்டபடி திட்டுனீங்க. திட்ட வேண்டியதுதான். ஆனா பக்கத்துல உக்காந்து திட்டுனீங்க. இப்ப வுட்டுட்டேன். ஒருத்தரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறீங்க. எந்த வூட்டுக்குப் போனாலும் நான் நொழஞ்சா டம்ளரு கட்டிலுக்கு அடியில போவுது, பேச்சு நின்னு போவுது. இந்தா, மச்சான் வாங்கங்குறாரு. என்னைய வாங்கன்னு கூப்புட்டிருக்கீங்களா மச்சான் என்னைக்காவது? அதான், இந்த வருசத்தோட சரி, இனிமே பண்டிகைக்கு எங்கயும் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டுதான் வந்தேன்."

"வாய மூடுறா!" என்று கத்திவிட்டேன். "வர மாட்டானாம்ல. வராம இருந்துருவியா நீ? கால ஒடச்சுப்புடுவேன்." சொல்லும்போதே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் செத்துவிடுவானோ என்று நான் பயந்த காலத்தில்கூட அப்படி அழவில்லை.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இல்ல மாப்ள, வாடை பட்டா ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"கஷ்டமாத்தான் இருக்கு மச்சான். நாக்கு ஊறுது, பொய் சொல்லல. அதுக்காக ஒங்களையெல்லாம் வுட்டுட்டு நான் எங்க போறது?"

அவனே ஜன்னல் பக்கம் போய்க் காற்றுக்கு நின்றுகொண்டு, "அக்கா, மிச்சம் இருக்குறத வடிகட்டி எல்லாருக்கும் ஊத்து. நான் தொட மாட்டேன். எனக்குப் பன்னீர் சோடா வாங்கியாரச் சொல்லு" என்றான். நான் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மெதுவாகத் தலையாட்டினாள். என் மகள் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருமுனைக் கடைக்கு ஓடினாள்.

தம்பி ஒரு சொம்பில் இஞ்சியைத் தட்டிப் போட்டான். புதினா, எலுமிச்சம்பழம், உப்பு, மேலே பன்னீர் சோடா. என் மகள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "அய்யோ மாமா, சூப்பர்!" என்று தன் ஒயினிலும் அதைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். "ஒயின்ல சோடாவா? எந்த ஊரு சட்டம்டி?" என்று கேட்டேன். "உடையார்பாளையம் சட்டம்" என்றாள். என் வீட்டுக்காரர் ஒயினைத் தள்ளிவைத்துவிட்டு, "மாப்ள, எனக்கு ஒன்னோடதுதான் வேணும்" என்று அவன் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தார். அப்போதுதான் வீட்டில் சத்தம் வந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம்.

தம்பி கடைசியாகத் தன் டம்ளரை நிரப்பினான். குடிக்கவில்லை. எழுந்துபோய்ப் பெண்டாட்டியிடம் நீட்டினான். எங்களுக்குப் புரியவில்லை. "டீயா இருந்தாலும் இவ மோந்து பாத்துட்டுக் குடுத்தாதான் குடிக்கிறது" என்று அவனே சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான். அவள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். எங்கள் எல்லார் கையிலும் இருந்த டம்ளர்களைப் பார்த்தாள், வீடு முழுக்க அடித்த வாடையை மூச்சில் இழுத்தாள், அவனைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோகாமல் அப்படியே அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"குடிங்க" என்றாள்.

என் தம்பியால் குடிக்க முடியவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லார் நடுவிலும் நின்று, தேம்பித் தேம்பி அழுதான்.