நோய் என்று சொன்ன கிளை

அந்தக் கிளையை வெட்டியது நான்தான். கொடுவாளால் ஒரே வெட்டு. இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, வெந்நீர் அடுப்பில் செருகினேன். எரிந்து முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியம் செய்த நிம்மதி அன்று எனக்கு இருந்தது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, சேரப்பணஞ்சேரியில் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே நர்சாக இருந்தவர் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர். தனியாக க்வார்ட்டர்ஸில் இருந்தார். எல்லோரும் அவரை நர்சம்மா என்றார்கள். என்னை மட்டும் அக்கா என்று கூப்பிடச் சொன்னார்.

மாதத்தில் ஒரு விடுப்பு நாளில் அக்கா என்னைப் பட்டணத்துக்கு அழைத்துப் போவார். சிங்கப்பெருமாள் கோவில் வரை பஸ், பிறகு ரயில். சினிமாவுக்கோ கடைத்தெருவுக்கோ போனதே இல்லை, பூங்காக்களுக்குத்தான். பனகல் பார்க் மரத்தடியில் ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் புளிச்சோறு சாப்பிடுவோம். ஆயாவோடு நர்ஸ் ஒன்றாகச் சாப்பிடுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. பிறகு, கண்ணாடி வீடு வைத்த ஒரு பெரிய தோட்டத்துக்குப் போவோம். அங்கே செடிக்குச் செடி தகரப் பலகையில் பெயர் எழுதியிருக்கும். அக்கா இங்கிலீஷில் படிப்பார், நான் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்வேன். முதல் தடவை போகத் தயங்கியபோது அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "பூ வைக்கக் கூடாதுன்னுதான ஊர்ல சொல்லுதாங்க? பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே பிள்ள."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புச் செம்பருத்தி உண்டு. ஒரு மழைக்காலத்தில் அதன் ஒற்றைக் கிளை மட்டும் மஞ்சளாய்ப் பூத்தது. வெண்ணெய் நிற அடுக்கிதழ், நடுவில் ரத்தச் சிவப்பு. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். ஒவ்வொரு இதழாக விரலால் விரித்துப் பார்த்தார். "இது மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல பிள்ள" என்றார். பதியம் போட எனக்குத் தெரியும். வேர்விட்ட கன்றை ஆஸ்பத்திரிப் பால்மாவு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். தோட்டத்து ஆபீசரிடம் காட்டி வருவதாகச் சொல்லி எடுத்துப் போனார். அந்த முறை மட்டும் என்னை அழைக்கவில்லை. வெயில் என்றார்.

வெறுங்கையோடு திரும்பினார். "நோயின்னுட்டாரு பிள்ள. கன்னை அங்கேயே கொளுத்திட்டாங்க. உன் கிளையையும் வெட்டிப் போட்டுரு. இல்லன்னா செடி பூரா ஏறிரும்."

அவ்வளவு தளதளவென்றிருந்த கிளையில் நோய் எங்கே என்று என் கண் கேட்டது. அக்கா சொன்ன பிறகு கண்ணை யார் நம்புவார்கள்?

ஆறு மாதத்தில் அவருக்குப் பட்டணத்துக்கு மாற்றல் வந்தது. பஸ் நிறுத்தத்தில் நான் அழுத அழுகையை ஊரே பார்த்தது. ஆள் பிடித்து எழுதிப்போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மறு வருஷம் அந்தத் தோட்டத்தில் மலர்க் கண்காட்சி என்று கேள்விப்பட்டுத் தனியாகக் கிளம்பினேன். அக்கா அங்கே வராமல் இருக்கமாட்டார்.

இருந்தார். பட்டுப்புடவையில், ஒரு மேசைக்குப் பின்னால். மேசைமேல் பீங்கான் தொட்டியில் என் மஞ்சள் செம்பருத்தி பூத்திருந்தது. பக்கத்திலிருந்த அட்டையைப் படித்துச் சொல்லும்படி ஒரு பெரியவரைக் கேட்டேன். "முதல் பரிசும்மா. அந்த அம்மாவே உண்டாக்கின புது ரகமாம். உலகத்துல வேற எங்கயும் கிடையாதாம்."

வேறு எங்கேயும் இல்லை. இல்லாமல் செய்தவள் நான்.

"அக்கா" என்றேன். அவர் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. பிறகு பக்கத்திலிருந்த சீமாட்டியிடம் திரும்பி, திருநெல்வேலி வாடையே இல்லாத தமிழில் சொன்னார்: "எங்க ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்த பொண்ணு. பாவம், புருஷன் இல்லாதவ."

"நோவுன்னு சொன்னீங்களேக்கா..." என்றேன். கை தானாக ஒரு இலையை நோக்கிப் போனது.

"தொடாத. கண்காட்சிச் செடி."

கையை இழுத்துக்கொண்டேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தது. வீட்டில் அம்மா, "நர்சம்மாவப் பாத்தியா?" என்று கேட்டதற்கு, "கூட்டத்துல எங்க பாக்குறது" என்றேன். திருடியவள் நான் என்பதுபோல எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டிருந்தால் செடியோடு பெயர்த்துக் கொடுத்திருப்பேன். என் கையாலேயே வெட்ட வைத்ததைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் பக்கத்து வயல்களெல்லாம் கம்பெனிகள். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி மகள், போன மாதம் என்னைக் கம்பெனிக் குடும்ப விழாவுக்கு அழைத்துப் போனாள். உள்ளேயே ஒரு பூங்கா போட்டிருக்கிறார்கள். புல்தரையில் ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டு நிறுத்தி, "அத்தை, இவதான் என் ஃப்ரெண்டு. என் உசுரு" என்றாள். அந்தப் பெண் சிரித்தபடி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். நான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா அத்தை, அவளையே அப்டி பாத்துக்கினு கீற?" என்றாள் தம்பி மகள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.