ஈமுவுக்கு எட்டுக் கதவு

ஆமத்தூர் நாகையா முப்பத்தோரு வருஷமாகக் கொத்தனார். அவர் கட்டியதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் சின்னதாக ஒரு ஊரே தேறும். ஆனால் அதில் ஒன்றைக்கூட அவர் பெண்டாட்டி சண்முகத்தாய் கண்ணால் கண்டதில்லை. காணவும் முடியாது. எல்லாமே பட்டாசுக் கம்பெனிக்குள் இருக்கிற வெடிமருந்து அறைகள். வெளியாள் கேட்டைத் தாண்டக் கூடாது. செல்போனும் உள்ளே போகாது, அதனால் போட்டோவுக்கும் வழியில்லை.

“கட்டுறேன் கட்டுறேங்கீக, நான் என்னத்தக் கண்டேன்? எங்கனயாச்சும் உக்காந்து சீட்டு வெளையாடிட்டு வாறீகளோ என்னமோ,” என்பாள் சண்முகத்தாய்.

நாகையா கரணையைக் காட்டுவார். சிமெண்டு காய்ந்த காலைக் காட்டுவார். இதெல்லாம் செல்லாது என்று அவள் தள்ளிவிடுவாள்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் மகள் பாண்டிச்செல்வியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மேற்கே எங்காவது ‘டம்’ என்று கேட்டால் போதும், சண்முகத்தாய் கொதிக்கிற உலையை அப்படியே போட்டுவிட்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் ரோட்டுக்கு ஓடுவாள். அநேகமாக யாராவது புதுச் சரக்கை வெடித்துப் பார்த்திருப்பார்கள். திரும்பி வந்து உள்ளங்காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நாகையாவைத் திட்டுவாள். அவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்க ஆளில்லை.

இந்த நேரத்தில்தான் ஈமு விவகாரம் வந்து சேர்ந்தது.

கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தத்தின் குடும்ப டிரஸ்ட் விருதுநகரில் சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை நடத்துகிறது. மான்கள், மயில்கள், யாருக்கும் முகம் காட்டாத ஒரு முள்ளம்பன்றி, அப்புறம் இரண்டு ஈமு. ஈமு வளர்த்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று ஊருக்கு ஊர் பித்துப் பிடித்து அலைந்தார்களே, அந்தக் காலத்தில் இழுத்து மூடிய ஒரு பண்ணையில் மிஞ்சியவை. அப்போது காலியாக இருந்தது குரங்குக்காகச் செய்த இரும்புக் கூண்டு ஒன்றுதான். அதில் விட்டார்கள். கூண்டு அஞ்சடி, ஈமு ஆறடி. பதினோரு வருஷமாக இரண்டும் கழுத்தை மடக்கியே நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் முத்துக்கருப்பன் ஒன்றைப் ‘பெரியவுக’ என்றும் மற்றதைச் ‘சின்னவுக’ என்றும்தான் கூப்பிடுவார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. இடம்தான் இல்லை.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஹரிபிரசாத் கூண்டைச் சுற்றி வந்து, தகரக் கூரையைத் தொட்டுப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டார். “இது கூண்டா, இட்லிக் கொப்பரையா?” என்றார். காலத்துக்கு ஏற்ற மாதிரி திறந்த வெளியும் நிழலும் உள்ள இடமாகக் கட்டி ஆறு மாதத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால் மிருகங்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு இடத்தை மூடச் சொல்லுவேன் என்று சொல்லி, ஒரு வரைபடத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி நாகையாவைக் கூப்பிட்டார். “நம்ம பேரு கெடாம நல்லா உறுதியாக் கட்டிரு, நாகையா.”

நாகையாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது ரூபாய் டிக்கெட் எடுத்தால் எவரும் வந்து பார்க்கலாம்! அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறபோதே, “ஏ தாயி, பட்டுச் சேலையை எடுத்து வெளியில வையி. நான் கட்டுனதப் பாக்கப் போறே,” என்றார்.

“ஆபீசர் வந்து சரின்னு சொல்லட்டும். வேண்டாம்னுட்டா அதையும் பூட்டிருவாக. பெறகு நான் என்னத்தப் பாக்க?” என்றாள் அவள்.

அந்தக் கவலை நாகையாவுக்கும் இருந்தது. அதனால் உயிரைக் கொடுத்துக் கட்டினார். வரைபடத்தை மட்டும் சுருட்டி மொபெட்டில் சொருகியவர், அப்புறம் எடுக்கவேயில்லை. படம் பார்த்துக் கட்டினால் அவன் என்ன கொத்தனார் என்று ஒரு திமிர். முப்பத்தோரு வருஷத் திமிர், லேசில் இறங்காது.

பரிசோதனை நாள் வந்தது. விடிந்ததும் ஈமுக்களைப் புது இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பத்து மணிக்கு ஹரிபிரசாத் வந்தார். கூடவே முதலாளி, முத்துக்கருப்பன், நாகையா, பட்டுச் சேலையில் சண்முகத்தாய். சுற்றிலும் மதில், நடுவில் வேப்பமரம், மரத்தடியில் பளபளவென்று ஒரு ஷெட். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. ஷெட்டுக்குக் கிட்டே போகப் போக அது மெல்ல வாடத் தொடங்கியது.

“கூரை மேல என்ன, கம்பி?”

“இடிதாங்கி சார்.”

“வாளியில மணல் எதுக்கு?”

“தீயணைக்க சார்.”

உள்ளே நுழைந்ததும் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஒரு வாசகம். அதிகாரி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். “ஆட்கள் இரண்டு. மருந்து இல்லை.”

“ரூமுக்கு ரூமு எழுதணும் சார். அளவுக்கு மேல ஆள் இருக்கக் கூடாதுல்லா?”

முதலாளி கூரையைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சரிய்யா, ஷெட்டுக்கு ஏன் நாலு பக்கமும் கதவு? மதிலுக்கும் நாலு கதவு! எதுக்குமே தாழ்ப்பாள் இல்லையே! தள்ளினா வெளியே திறக்குது!”

நாகையாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கதவு என்றால் தள்ளினால் வெளியே திறக்கத்தானே வேண்டும்? “ஒரு பக்கம் வெடிச்சா மத்த பக்கமா ஓடணும்ல சார்,” என்றார் பொறுமையாக.

“ஈமு வெடிக்குமாய்யா?”

நாகையா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். “இதுவரைக்கும் இல்ல சார்.”

அப்போது மூலையில் நின்ற சின்னவுக கழுத்தை நீட்டியது. பதினோரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அது முழுசாக நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்த சுகத்தில் தொண்டையை உப்பிக்கொண்டு, தன் ஜாதிக்கே உரிய ஒரு குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டது.

‘டம்!’

“ஓடுங்க!” என்று கத்தினார் நாகையா. அவர் கத்தவில்லை, முப்பத்தோரு வருஷப் பழக்கம் கத்தியது. அதிகாரியைக் கிழக்குக் கதவு வழியாக ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அவரும் பாய்ந்தார். முதலாளி மேற்கே, முத்துக்கருப்பன் தெற்கே. மூணு எண்ணுவதற்குள் ஷெட் காலி, ஐந்து எண்ணுவதற்குள் மதிலுக்கு வெளியே. என்ன ஒரு வேலைப்பாடு! ஊர்வலம் போகிறது போல என்று நினைத்து ஈமு இரண்டும் நெஞ்சால் கதவைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தன.

“ஐயோ, பெரியவுக வாறாக! ஒதைச்சா தொடை எலும்பு போயிரும்!” என்று முத்துக்கருப்பன் அலறியதும், நாலு பேரும் மதிலைச் சுற்றி ஓடி வந்து, பக்கத்தில் திறந்து கிடந்த பழைய கூண்டுக்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்தினார்கள். வெளிப்பக்கக் கொண்டி ‘டக்’ என்று தானாக விழுந்தது. பழைய கூண்டின் வேலைப்பாடு அப்படி.

கழுத்தை மடக்கி நின்ற நாலு பேரையும் ஈமுக்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தன. பெரியவுக கம்பிக்குள் அலகை விட்டு அதிகாரியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டது.

ஷெட்டுக்குள் மிஞ்சியவள் சண்முகத்தாய் ஒருத்திதான். சத்தம் ஈமுவின் தொண்டையிலிருந்து வந்ததை நேரில் பார்த்தவளும் அவள்தான். அவள் ஓடவில்லை. கிழக்குக் கதவைக் கையால் தள்ளினாள், திறந்தது. மேற்குக் கதவைத் தோளால் இடித்தாள், திறந்தது. வடக்குக் கதவைக் காலால் உதைத்தாள், அதுவும் திறந்தது. பிறகு பட்டுச் சேலையோடு நட்டநடுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சட்டென்று எழுந்து ஓடி வெளியே வந்தாள். திரும்பப் போய் உட்கார்ந்து, இன்னொரு கதவு வழியாக ஓடி வந்தாள்.

“அந்த அம்மாவுக்கு என்னாச்சு?” என்றார், திறந்து கிடந்த மதில் கதவு வழியாகப் பார்த்த அதிகாரி.

நாகையா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் காலடியை எண்ணினார்.

சண்முகத்தாய் மூச்சிரைக்கக் கூண்டருகே வந்தாள். “நம்ம பிள்ளை வேலை பாக்குற ரூமு யாரு கட்டுனது?”

“நான்தான் தாயி.”

“இதே மாதிரியா?”

“இதே அளவு. இதே கதவு. நாலு பக்கமும்.”

“ஒக்காந்த இடத்துலருந்து எந்திரிச்சு வர நாலு எட்டுத்தான் ஆவுது.”

“மூணு எட்டு. நீ சேலை தடுக்கி ஒண்ணு கூட வச்சே.”

“அம்மா, கொண்டியை எடுத்து விடுங்கம்மா, கழுத்து போகுது!” என்றார் அதிகாரி.

“செத்த இருங்க சார், வீட்டு விஷயம் பேசிட்டிருக்கோம்ல,” என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். இத்தனை வருஷமாக அவள் பார்க்கக் கேட்டது கட்டடத்தை அல்ல, கதவைத்தான். அது அந்த நிமிஷம்தான் நாகையாவின் மரமண்டையில் ஏறியது.

வெயில் ஏறவும் ஈமு இரண்டும் யாரும் விரட்டாமலே திறந்த கதவு வழியாக உள்ளே போய் வேப்பமர நிழலில் நின்றுகொண்டன. அதன் பிறகே சண்முகத்தாய் கொண்டியைத் தூக்கினாள். கால்மணி நேரம் கூனி நின்ற அதிகாரி வெளியே வந்து நிமிர்ந்தபோது எலும்பு நெறிபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முதலாளியிடம் பேனா கடன் வாங்கி எழுதினார்: புது இடம் சரி, எட்டுக் கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும், பழைய கூண்டை இன்றைக்கே உடைக்க வேண்டும்.

கூண்டை உடைக்க முதல் சம்மட்டி போட்டது நாகையா. தாழ்ப்பாள் மட்டும் அவர் போடவில்லை. வாழ்நாளில் ஒரு தாழ்ப்பாள்கூடப் போட்டதில்லை, எந்தப் பக்கம் திருகாணி என்றுகூடத் தெரியாது என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். முத்துக்கருப்பன்தான் போட்டார்.

மறுவாரம் ஒரு மத்தியானம் மேற்கே ‘டம்’ என்றது. சண்முகத்தாய் ரோட்டுக்குப் போனாள். போகிறபோது அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.