மௌனமா, மறதியா

பஹ்ரைனின் மனாமாவில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியுமாக இருந்த காலம். குதைபியாவில் எங்கள் ஃப்ளாட்டில் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு பழைய அமெரிக்கத் தொடர் ஓடும். திரையின் அடியில் அரபி எழுத்து ஓட, நரைத்த புருவமுள்ள டாக்டர் ஒருவர் தினமும் யாரையாவது சாவிலிருந்து மீட்பார். என் மனைவி நர்ஸ். அவளுக்கு அவரைப் பிடிக்கும், குறை சொல்லவும் பிடிக்கும். "ஒரு நாளாவது கையக் கழுவியிருக்காரா இந்த மனுசன்? எங்க வார்டுக்கு வரட்டும், ஹெட் நர்ஸ் உண்டு இல்லன்னு ஆக்கிருவா" என்பாள்.

ஒரு புதன்கிழமை எனக்கு ஃபோன் வந்தது. பேசியவர் ராமநாதபுரத்துக்காரர், வெளிநாட்டவர் கிளப் ஒன்றின் அரங்கில் விளக்குகளைப் பார்த்துக்கொள்பவர்.

"அண்ணே, டிவி டாக்டர் தெரியும்ல? ஆளு நேர்ல வந்திருக்காரு. ஒத்தை ஆளா நாடகம் போடப்போறாரு. பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் குடுக்க ஒருத்தர் வேணுமாம். அதுக்குன்னு இருந்த அம்மா லீவுல ஊருக்குப் போயிருச்சு. நான் உங்களச் சொல்லிட்டேன்."

"இங்கிலீஷ் நாடகமாச்சே!"

"அந்த இங்கிலீஷ வாசிக்கத் தெரியும்ல? யல்லா, கிளம்பி வாங்க."

அவர் என்னைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொங்கலுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் போடும் நாடகங்களில் வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நடிப்பவர்கள் எல்லாரும் ஷிஃப்ட் டூட்டிக்காரர்கள். முழுக் குழுவும் ஒத்திகையில் ஒன்றுசேர்ந்ததே கிடையாது. ராஜா மேடையில் முழங்குவார். அந்த முழக்கத்தின் ஒவ்வொரு வரியும் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கும் என் வாயிலிருந்து அரை மூச்சு முந்திப் போயிருக்கும். மற்ற நேரத்தில் நான் ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள். "அமெரிக்காக்காரருக்கு நீங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறியளாக்கும்!"

கிளப்பில் போய்ப் பார்த்தபோது, அந்த டாக்டர் நடிகர் திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். கைகொடுத்தபோது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. என்னை உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னார்.

ஆற்றங்கரைச் சிறு நகரம் ஒன்றில் கசாப்புக் கடைக்காரரின் மகன் அவர். இருபது வயதில் பெரிய நகரத்துக்கு வந்து, பகலில் ஹோட்டலில் பாத்திரம் கழுவி, மாலையில் நாடகம். சின்ன வேடம், பெரிய வேடம் என்று பல வருடங்கள் மேடைதான். பிறகு டாக்டர் வேடம் வந்தது. வீடு, கார், தெருவில் போனால் கையெழுத்து கேட்கும் கூட்டம் எல்லாம் அதனுடன் வந்தன. அங்கே கேமராவுக்குப் பக்கத்தில் பெரிய அட்டையில் வசனத்தை எழுதிப் பிடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பேசியே, மனப்பாடம் செய்யும் பழக்கமே விட்டுப்போயிற்று. தொடர் முடிந்து மேடைக்குத் திரும்பிய முதல் நாள், நிறைந்த அரங்கில், நடுக்காட்சியில் எல்லாம் மறந்துவிட்டது. திரையைப் போட வேண்டியதாயிற்று. அதன்பின் மேடை ஏறவே இல்லை.

"பழைய நண்பர் ஒருவர் எங்கள் நகரத்தில் புது நாடகம் போடுகிறார். முக்கிய வேடம் எனக்கு என்கிறார். பஹ்ரைன் முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே விழுந்தால் அங்கே யாருக்கும் கேட்காது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கள் நிற்பது சபைக்குத் தெரியக் கூடாது. உங்களுக்கு வேலையே இல்லாமல் போனால் எனக்கு மகிழ்ச்சி" என்றார்.

நாடகத்தில் அவர் ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர். பல வருடம் பேசாதிருந்த தம்பி வருகிறான் என்று வீட்டைச் சுத்தம் செய்துகொண்டே தனக்குத்தானே பேசுவார். ஒத்திகையில் எனக்கு வந்தது புதிய சிக்கல். எங்கள் ராஜாக்கள் நிறுத்தினால் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம், உடனே கொடுத்துவிடலாம். இவரோ நடிப்புக்காகவே நிறுத்துகிறார். அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் காட்சி செத்துப்போகும். திறக்காமல் விட்டால் அவரே செத்துப்போவார். எது மௌனம், எது மறதி?

ஆகவே பிரதியைவிட அவரையே அதிகம் பார்த்தேன். பாதி ஒத்திகையில் பிடிபட்டது: மறக்கும்போது அவர் முதலில் கீழ் உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்கிறார். மௌனத்தில் உதடு அசைவதே இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உதட்டை நினைத்துக்கொண்டே வசனத்தை விடுவார்.

வெள்ளி மாலை அரங்கு நிறைந்துவிட்டது. என் மனைவி டூட்டி மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தாள். நான் கறுப்புத் திரைக்குப் பின்னால், பிரதியின் மேல் விரலை வைத்து நின்றேன். முதல் பாதி ஆற்று நீர் மாதிரி போயிற்று. ஜனங்கள் சிரித்தார்கள், அடங்கினார்கள், மறுபடி சிரித்தார்கள்.

இரண்டாம் பாதியில் தம்பிக்கான நாற்காலியைத் துடைத்தவர் அதைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஒத்திகையில் அங்கே ஒரு நீண்ட மூச்சளவு நிறுத்துவார். இப்போது அதைத் தாண்டியும் நிற்கிறார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. என் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் விளக்குக்காரர் பதறினார்.

"அண்ணே, மறந்துட்டாரு. குடுங்க! சீக்கிரம் குடுங்கண்ணே!"

அவர் உதட்டைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"மறக்கல."

"அண்ணே, அவரு மானம் போகுது!"

"சும்மா இருடே!"

அவர் மெல்லக் குனிந்து, நாற்காலியின் முதுகைத் தம்பியின் முதுகைத் தடவுவதுபோலத் தடவினார். அப்புறம்தான் வசனம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் விசும்பியது எனக்குக் கேட்டது. ஹெட்ஃபோனில் நீண்ட பெருமூச்சு.

அவர் நிஜமாகவே மறந்தது அதற்குப் பிறகு, குழந்தைகூட மறக்காத இடத்தில். தம்பிக்கு என்ன தயாராக இருக்கிறது என்று விரல்விட்டு எண்ண வேண்டும். படுக்கை என்றார், துண்டு என்றார். நாக்கு வெளியே வந்து கீழ் உதட்டை நனைத்தது. நான் ஒரே சொல் கொடுத்தேன்.

"கெட்டில்."

படபடப்பில் சற்று உரக்க வந்துவிட்டது. நிச்சயம் முன்வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். சமையலறையிலிருந்து யாரோ நினைவூட்டியதுபோல, எரிச்சலோடு, "தெரியும், தெரியும், கெட்டில்! எனக்கென்ன வயசாகிவிட்டதா?" என்றார். பிரதியில் அப்படி ஒரு வரியே கிடையாது. அரங்கு அதிர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பின் மேலேறி அவர் முடிவுவரை நிற்காமல் போனார்.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பின்வரிசையில் என் மனைவி தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் வணங்கிவிட்டு நேரே என்னிடம் வந்து, மேக்கப் வழியும் முகத்தோடு என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு கிளப் மேனேஜர் அறைக்குள் போய் ஃபோனை எடுத்தார். கதவு திறந்தே இருந்தது.

"வருகிறேன்" என்றார். எதிர்முனையில் அந்தப் பழைய நண்பர் சந்தோஷத்தில் கத்துவது எனக்கே கேட்டது. "ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்தில் ஒருவர் பிரதியோடு நிற்க வேண்டும். இல்லை, ஒளிக்க வேண்டாம், அவர் பெயரையும் நோட்டீஸில் போடுங்கள்."