அண்ணா எனக்கு மருந்து தர மறுத்த காலை

2023ஆம் ஆண்டு ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். மழையில்லை. குறிஞ்சிப்பிட்டியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. செங்கமாரியில் மஞ்சளேறிய கண்களோடு அண்ணாவின் வாசலில் நின்றேன். அண்ணா மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில் நினைவு மலரில் எதை எழுதப்போகிறீர் என்று உறவினர் கேட்டார்கள். அந்தக் காலையைத்தான்! வேறெதை எழுத?

அண்ணா வன்னியில் பிறந்தவர். எங்கள் ஐவரில் மூத்தவர். பதினாறு வயதில் தந்தையை இழந்தார். கடையில் நின்று எங்கள் நால்வரையும் படிப்பித்தபடியே ஆயுர்வேதம் கற்றார். போர் துரத்த, இரண்டு பெட்டிகளோடு இந்தக் கரைக்கு வந்தார். ஒன்றில் உடுப்பு, மற்றதில் மருந்து. முப்பத்து நான்கு ஆண்டுகள் இங்கே நாடி பார்த்தார்.

"செங்கமாரி தனி நோயில்லை. ஈரலோ பித்தக் குழாயோ இரத்தமோ பழுதெண்டு சொல்லுற அடையாளம். காரணத்தைப் பிடிச்சால்தான் மருந்து" என்று எல்லாரிடமும் சொல்வார். கணிதம் படிப்பித்த நானோ கேட்கவில்லை. ஊர்வழக்கப்படி உப்பு, எண்ணெய், மீன் மூன்றையும் விட்டு, நானே பிடுங்கிய கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் குடித்தேன். எட்டு நாள், பதினாறு வேளை. ஏசுவார் என்று அண்ணாவுக்குச் சொல்லவில்லை.

அன்று அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"சொறிச்சல் இருக்கோ?"

"உடம்பு முழுக்க, அண்ணா."

"மலம் என்ன நிறம்?"

அண்ணியார் தேநீரோடு நின்றார். நான் தலைகுனிந்தேன்.

"கூரை ஓடுகளையே எண்ணி வைச்சிருக்கிறவர், இதை விட்டிருப்பாரே? சொல்லுங்கோ தம்பி" என்றார் அண்ணியார்.

"நாலு நாள், ஆறு தரம். ஆறும் வெள்ளைக் களிமண் மாதிரி."

அண்ணா துள்ளி எழுந்தார். "பித்தம் குடலுக்கு இறங்கேல்லை. குழாய் அடைச்சுப் போச்சு. இது இலைக்கு அடங்காது. வெளிக்கிடு ஆஸ்பத்திரிக்கு!"

"ஊருக்கெல்லாம் பாக்கிறியள். என்னைப் பாக்க மாட்டியளோ?"

"பாத்திட்டன். அதுதான் அனுப்புறன், விசரா! நீ எண்ணினபடியால் தப்பினாய்!"

நாங்கள் நானா என்றழைக்கும் அயல்வீட்டு முஸ்லிம் அன்பர் வேனை வாசலுக்கே கொண்டுவந்தார். "ஏறுங்க மாஸ்டர். லைட் போஸ்ட எண்ணிக்கிட்டே போவோம்" என்றார்.

பித்தக் குழாயில் கல் ஒன்று இருந்தது. இன்னும் சில நாள் கழிந்திருந்தால் கிருமி ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் மருத்துவர். கல்லை எடுத்தார்கள். பதினொரு நாளில் வீடு! பதினொரு நாளும் அண்ணா பஸ்ஸில் வந்து பார்த்தார்.

அதன் பிறகே தம் வைத்தியத்தைத் தொடங்கினார். அதையும் முதலில் ஆஸ்பத்திரி மருத்துவரிடம் காட்டச் சொன்னார். நேரத்துக்குச் சோறு, கொதித்தாறிய தண்ணீர், அளவான உப்பு. பொரியலும் கேளாமல் விழுங்கும் மாத்திரையும் கூடாது. மூன்று மாதத்தில் உடம்பு பழையபடி தேறியது. கூலி எவ்வளவென்று கேட்டேன்.

"முதல்ல நீ உயிரோடை இரு. பிறகு பாப்பம்."

சென்ற ஆண்டு, காலைக் கஞ்சி குடித்துக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. வயது எழுபத்தொன்பது.

வேன் தந்த நானாவுக்கும், ஆஸ்பத்திரி வாட்டில் என்னைத் தாங்கிய சிங்களத் தாதியருக்கும், அண்ணாவின் இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அயலார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை வாசிப்போர் கண்ணாடியில் தம் கண்ணின் வெள்ளையை ஒருமுறை பார்க்கட்டும். அண்ணா வாங்காத கூலிக்குப் பதிலாக இந்த மலரை நானே அச்சிடுவித்தேன். முந்நூறு பிரதிகள், ஐம்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.