ஆக்னஸ் மியூரைத் தேடி கியர்னிக்கு ஒரு சனிக்கிழமை

எங்கள் மருமகன் ஸ்டூவர்ட் லெய்ட்லாவின் முன்னோர்கள் ஸ்காட்லாந்திலிருந்து நியூ ஜெர்சியின் கியர்னிக்கு மில் வேலைக்கு வந்தவர்கள். அவனுடைய தாத்தாவின் பாட்டி ஆக்னஸ் இங்கேதான் அடக்கமானார். அந்தக் கல்லறையை அவன் இரண்டு முறை தேடியும் கிடைக்கவில்லை. போன மே மாதம் அவனும் என் மகள் பிரியாவும் டெக்சாஸின் சுகர் லேண்டிலிருந்து வந்தபோது மூன்றாவது முயற்சி. ஐசலினில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபது மைல்தானே என்று நான் டிரைவராகச் சேர்ந்துகொண்டேன்.

உண்மையில் என் மனசு சரியில்லை. பிரியா ஜெபராஜ் என்கிற என் மகள், பிரியா லெய்ட்லாவாக மாறப்போகிறாள். ஃபார்மெல்லாம் நிரப்பியாகிவிட்டது, திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஜெபராஜ் எங்கள் குடும்பப் பெயர் ஒன்றுமில்லை, அது நான்! அவளுடைய மெடிக்கல் காலேஜ் பட்டமளிப்பில் அந்தப் பெயரை மைக்கில் கூப்பிட்டபோது எழுந்து நின்று விசிலடித்தவன் நான். வருத்தத்தை வெளியே காட்டாமல்தான் டர்ன்பைக்கில் ஓட்டினேன். அப்படித்தான் நினைத்தேன்.

"எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த என் மனைவி கிரேஸ். "விசா அப்ளை பண்றப்ப என் பேரை மாத்தினீங்களே, எங்கப்பாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கிரேஸ் ஞானமுத்து, கிரேஸ் ஜெபராஜ் ஆனது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

ஒன்பதரைக்குக் கிளம்பி பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் வாங்கிய பூங்கொத்து பன்னிரண்டு டாலர். கல்லறைத் தோட்டத்து ஆபீஸ் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே மூடிவிடும். அங்கிருந்த அம்மாள் பழைய பட்டியலைப் பொறுமையாகப் புரட்டினார். ஒவ்வொரு கல்லிலும் முதலில் இருக்கும் பெயரைப் படித்துப் படித்து எழுதியது அது. ஆக்னஸ் லெய்ட்லா என்று யாருமில்லை. கணவர் ராபர்ட் வேலை தேடி கலிஃபோர்னியா போய் அங்கேயே இறந்தவர் என்பதால் அவர் பெயரை வைத்தும் தேட முடியவில்லை. ஸ்டூவர்ட் பூங்கொத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். பாவமாக இருந்தது.

அவனுடைய போனில் ஆக்னஸின் மகன் பிறந்தபோது ஸ்காட்லாந்தில் பதிந்த பதிவின் படம் இருந்தது. கிரேஸ் அதை வாங்கிப் பார்த்தாள்.

"பிள்ளை பெத்த அப்புறமும் அவங்க அப்பா வீட்டுப் பேரையும் விடாம எழுதியிருக்காங்களே. மியூர்னு தேடிப் பாக்கச் சொல்லு பிரியா."

பிரியா சொன்னதும் அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்காட்லாந்தில் பெண்கள் பிறந்த பெயரை விடுவதே இல்லையாம். கல்யாணம் ஆனாலும் பத்திரத்திலும் கல்லறைக் கல்லிலும் அதுதான் முன்னால் வருமாம். இது தெரிந்தும் மறந்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஐந்தாவது நிமிடம் நாங்கள் கல்லின் முன்னால் நின்றோம். 'ஆக்னஸ் மியூர், ராபர்ட் லெய்ட்லாவின் மனைவி.' ஸ்டூவர்ட் மண்டியிட்டு அழுதான்.

பிரியா கல்லை வெகுநேரம் பார்த்தாள். "ஷி நெவர் லெட் கோ, அப்பா," என்றாள். பிறகு, "ஐ'ம் நாட் சேஞ்சிங் மைன். ஸ்டூவர்ட், ஓகேவா?"

"சரி," என்றான் ஸ்டூவர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை. எனக்கு ஊரையே கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஸ்காட்டிஷ் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடுங்கள், கணவர் பெயரிலும் தேடுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த பெயர் இருக்கும், அதிலிருந்து தொடங்குவது நல்லது. ஆபீஸ் நேரத்தை போனில் கேட்டுவிட்டுப் போங்கள். புல் ஈரமாக இருக்கும், ஷூ அவசியம்.

திரும்பும் வழியில் கிரேஸிடம், "நம்ம கல்லுல உன் பேரை கிரேஸ் ஞானமுத்துன்னே போடச் சொல்லிடுறேன்," என்றேன், பெரிய மனசோடு.

"அதுக்கு நான் சாகணுமா?" என்றாள். "உயிரோட இருக்கறப்பவே மாத்திக்கிறேன். திங்கக்கிழமை லீவ் போடுங்க, கோர்ட்டுக்குப் போகணும்."

போட்டுவிட்டேன். கோர்ட் வாசலில் நின்று, "இவங்க ஞானமுத்து மாமா பொண்ணு," என்று செக்யூரிட்டியிடம் தமிழிலேயே சொன்னேன்.