கடைசியாக நேராக இருந்த சிரிப்பு

படமெடுத்து வந்ததும் தேறாத படங்களைக் கழிக்க உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். முதலில் கண் மூடியவை, அடுத்து ஃபோகஸ் தப்பியவை, பிறகு ஒன்றுபோல் இருப்பவற்றை அருகருகே வைத்துச் சிரிப்பைப் பார்ப்பது. பொறியியல் படித்த புத்தி. வரிசை மாறினால் எனக்கு வேலை ஓடாது.

அன்று காலை அட்டுவம்பட்டியில், ஓய்வு பெறப்போகும் ஆசிரியை ஒருவரை அவர் வீட்டு வாசலில் எடுத்திருந்தேன். பள்ளியில் மாட்டுவதற்கான படம். முடியும் தறுவாயில் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னபோது, "குளிர்ல வாய் வெறச்சுக் கெடக்கும்மா. பல்லக் காட்டச் சொல்லி உசுர வாங்காத" என்றார். அவருடைய மகளும் நானும் சிரித்தோம். இங்கே மலையில் காலை வேளையில் எல்லோருக்கும் முகம் விறைக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாம் சுற்றில், சிரிப்பு கோணிய படங்களுக்குச் சிவப்புக் குறி போட்டேன். குறி விழுந்தவை எல்லாம் கடைசியில் சேர்ந்து நின்றன. அது சரியாகப் படவில்லை. யாராக இருந்தாலும் ஆரம்பத்தில்தான் இறுகி நிற்பார்கள், போகப்போக இளகுவார்கள். கழிவது எப்போதும் முன்வரிசைதான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடது வாயோரம் இறங்கியிருந்தது. குளிர் என்றால் இரண்டு பக்கமும் விறைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பக்கவாதமாக இருக்கலாம்.

மகளை அழைத்தேன். அம்மா அசதியாக இருக்கிறதென்று படுத்திருப்பதாகச் சொன்னாள். எழுப்பி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டு அவள் அம்மாவை எழுப்புவது கேட்டது.

"அக்கா, எடது கை நிக்க மாட்டேங்குது. தானா கீழ போகுது."

அவர்கள் வண்டி பிடித்து மலையிறங்கத் தொடங்கிய பிறகு அவளே அழைத்தாள். கீழே ஆஸ்பத்திரி டாக்டர் போனில் ஒன்றைத்தான் கேட்கிறாராம்: அம்மா கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? அதை வைத்துத்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முடிவு செய்வார்களாம். நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

முதலில் கேமராவின் கடிகாரத்தை போனோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பிறகு பின்னாலிருந்து முன்னால் நகர்ந்தேன். பேட்டரி மாற்றிய பிறகு எடுத்த முதல் படத்திலேயே வாய் இறங்கியிருந்தது. அதற்கு முந்தையதில் சால்வை பாதி முகத்தை மறைத்திருந்தது. அதற்கும் முந்தையதில் சிரிப்பு நேராக இருந்தது. சால்வைப் படத்தின் நேரத்தைச் சொன்னால் அவர்களுக்கு அவகாசம் கூடும். வாயோரம் தெரியாத படத்தை வைத்து எப்படிச் சொல்வது? முந்தைய படத்தின் நேரத்தையே சொன்னேன்.

அவள் அதை இன்னொரு போனில் திருப்பிச் சொல்வது கேட்டது.

"நேரம் இருக்காம்க்கா. வெரசா வரச் சொல்றாங்க."

அதோடு சிக்னல் போய்விட்டது. நேரம் சொன்ன அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கினேன். இடது ஓரம் நேராகத்தான் இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். மயிரிழை தாழ்ந்ததுபோல் தெரிந்தது. அவளை மீண்டும் அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.