ஏக்நாத்தின் நிரந்தர வேலை

எங்கள் போசரி தொழிற்பேட்டையில் ரோபோவை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவன் ஏக்நாத் கவ்ஹாணேதான். இருசக்கர வண்டிகளுக்கு சைலன்சர் செய்கிற பட்டறையில் அவன் வெல்டர். அவனுக்குப் பக்கத்தில் குழாய் வளைக்கிற மெஷினில் நான். கோபம் வந்தால் முகக்கவசத்தைக் கழற்றாமலே கத்துவான். யாரைத் திட்டுகிறான் என்று தெரியாததால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

வாகன உற்பத்தியில் புதுமை செய்கிற சிறு பட்டறைகளுக்கு உதவ அரசு ஒரு திட்டம் அறிவித்தது. பழைய மெஷினைச் சரிசெய்தால் அது புதுமை இல்லை. ரோபோ வாங்கினால் புதுமை. பாதி விலையை அரசே தரும். முதலாளி சுலபா மேடம் மனுப் போட்டார். சேதி கேட்டதும் ஏக்நாத் வேலையைப் போட்டுவிட்டு எங்களையும் இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனான்.

"அது வந்துட்டா நாங்க என்ன மேடம், வீட்ல உக்காந்து பாக்ரி ரொட்டி தட்டணுமா?"

"ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன் ஏக்நாத். கணபதி மேல சத்தியம்."

"கணபதி பத்து நாள்ல தண்ணிக்குள்ள போயிடுவாரு. நாங்க எங்க போறது?"

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார். அங்கேதான் அவனுக்கு வினை வந்தது. ரோபோவுக்கென்று பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. அதிகம் கத்துகிறவன் கையிலேயே அதைக் கொடுத்துவிட்டால் வாய் அடைத்துப்போகும் என்று மேடம் முடிவு செய்தார். அவன் மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அவன் மனைவி வைஜயந்தா விடவில்லை.

"ஏசி ரூம்ல உக்கார வச்சுச் சொல்லித் தராங்களாமே! போயிட்டு வாங்க. கோபம் எங்கயும் ஓடிடாது, திரும்பி வந்து படலாம்."

போனான். சான்றிதழோடு திரும்பினான். ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக் கையாக ரோபோ வந்து இறங்கியது. தசராவுக்கு எல்லா மெஷினுக்கும் சாமந்தி மாலை போட்டோம். அதற்குத்தான் பெரிய மாலை. போட்ட மாலையை அது ஒரே சுழற்றலில் கூரைக்கு எறிந்தது.

"அண்ணே, புதுப் பொண்ணு மாலைய வீசிடுச்சே! மாப்பிள்ளைய புடிக்கல போல," என்றான் மல்ஹாரி. அவனும் வெல்டர், ஏக்நாத்தின் ஊர்க்காரன். அன்று முதல் ஏக்நாத்துக்கு மாப்பிள்ளை என்றே பெயர். ரோபோ பற்றவைத்ததைவிட நாங்கள் கையால் பற்றவைத்தது அதிகம் என்பதால், எங்களுக்கு அந்தக் கேலி செய்யத் தைரியமும் இருந்தது.

பிறகு அரசு இன்னொரு திட்டம் அறிவித்தது. இந்த முறை மின்சார வண்டிகளுக்கு. அதிலும் புதுமை என்ற சொல் இருந்தது. மின்சார வண்டிக்கு சைலன்சர் கிடையாது. ஒரு திட்டத்தின் தயவில் நாங்கள் வேகமாகச் செய்யக் கற்றுக்கொண்ட பொருள், இன்னொரு திட்டத்தின் தயவில் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஆர்டர் மெல்ல மெல்ல வற்றியது. மேடம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்கை முடித்தார். மல்ஹாரி போனான், நானும் போனேன்.

ரோபோ மட்டும் போகவில்லை. திட்டத்தின் நிபந்தனைப்படி ஐந்து வருஷத்துக்கு அதை விற்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அது இருக்கும்வரை அதன் ஆளும் இருந்தாக வேண்டும்.

ஏக்நாத் மேடத்திடம் போய் நின்றான். "மல்ஹாரிக்கு மூணு பிள்ளைங்க. என்னை அனுப்பிட்டு அவனை வச்சுக்கோங்க மேடம்."

"நான் என்னப்பா பண்ணுவேன்? டெல்லி வரைக்கும் உன் பேருதானே போயிருக்கு."

ஏக்நாத் தனக்காகப் பேசியதை மல்ஹாரி நம்பவில்லை. அவனோடு பேச்சை நிறுத்திவிட்டு, தொழிற்பேட்டை வாசலில் பன்னோடு காரக் குழம்பு தருகிற மிசல் பாவ் வண்டி போட்டான். எனக்குப் பக்கத்து ஊர் சாகணில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. ஒருநாள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். காலையில் கொஞ்சம் பற்றவைத்து முடித்திருந்த ரோபோ, மீதி நேரமும் ஓடியதாக அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று வெறுங்காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தது. ஏக்நாத் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நாள் பூரா எனக்கு சலாம் போடுதுடா," என்றான். "வெக்கமா இருக்கு."

ரோபோ திட்டத்தின் வெற்றிக் கதைகளைத் தேடி அதிகாரிகள் கேமராவோடு வந்தார்கள். ரோபோவால் வாழ்க்கை எப்படி மாறியது என்று அவனைக் கேட்டார்கள்.

"இது மட்டும் இல்லேன்னா என் வேலையும் போயிருக்கும் சார்."

அதிகாரிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க!"

சொன்னான். "மத்த எல்லாருக்கும் போயிடுச்சு" என்பதையும் சேர்த்துத்தான் சொன்னான். அந்த வரியில் வெளிச்சம் சரியில்லை என்றார்கள்.

அடுத்த மாதம் தொழிற்பேட்டை வாசலில் பெரிய பலகை எழுந்தது. அதில் ஏக்நாத்தின் சிரித்த முகம். கீழே, "என் வேலையைக் காப்பாற்றியது ரோபோ." அதன் நிழல் சரியாக மல்ஹாரியின் வண்டிமேல் விழுந்தது. ஏக்நாத் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியே போகும்போது, பேச்சு நின்ற பிறகு முதல் முறையாக மல்ஹாரி கூப்பிட்டான்.

"எங்க ஓடுறீங்க? சாப்பிட்டுப் போங்க."

"என் மூஞ்சியப் பாத்தா உனக்கு எரியலையா?"

"எரிஞ்சுது. இப்ப பகல் பூரா எனக்கு அதுதான் குடை. உக்காருங்க அண்ணே."

ஏக்நாத் உட்கார்ந்தான். காரமான மிசலில் மூக்கு ஒழுக, யாரையும் திட்டாமல் சாப்பிட்டான். இன்னொரு பாவ் வைக்க மல்ஹாரி கையை நீட்டினான். ஏக்நாத் வேண்டாம் என்று எழுந்துவிட்டான். மத்தியானத்துக்கு ரோபோவை ஓடவிட வேண்டியிருந்தது.